வடசென்னை வெயிலுக்கு எந்த என்ஜின் ஆயில்? தடிப்பைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மே மாத மதியத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கியவர்களுக்கு அந்த அனல் தெரியும். முன்னால் கண்டெய்னர் லாரி, பக்கத்தில் மாநகரப் பேருந்து, முழங்காலுக்குக் கீழே கொதிக்கும் என்ஜின். பத்து நிமிடத்துக்கு முப்பது அடி நகர்ந்தால் பெரிய விஷயம். "இந்தச் சூட்டை நம்ம ஆயில் தாங்குமா? இன்னும் கொஞ்சம் கெட்டியா ஊத்தலாமோ?" என்ற யோசனை அப்போது எல்லோருக்கும் வரும்.

எனக்கும் வந்தது. என்னுடையது 100 சிசி வண்டி. கம்பெனி சொன்ன ஆயில் 10டபிள்யூ-30. ஒரு கோடையில் ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் அண்ணன் அந்த கேனைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினார். "தம்பி, பாரு, தண்ணி மாதிரி இருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு இது நிக்காது. 20டபிள்யூ-50 போட்டுக்கோ, என்ஜின் சும்மா கூலா இருக்கும்" என்றார். "சரிண்ணே, போடுங்க" என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே வித்தியாசம் தெரிந்தது. கிக்கர் கனமாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி யோசித்து யோசித்துத்தான் எழுந்தது. மைலேஜ் இறங்கியது. சரி, என்ஜினாவது குளிர்ச்சியாக இருந்ததா? அதுவும் இல்லை, நெரிசலில் அதே கொதிப்புதான். அடுத்த ஆயில் மாற்றத்தில் பழையபடி 10டபிள்யூ-30க்குத் திரும்பியதும் வண்டி மறுபடி லேசானது. அந்த அண்ணனின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே தப்பு என்று தெரிந்துகொண்டால் அவரவர் வண்டிக்கு ஏற்ற ஆயிலை அவரவரே தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் கேன் மேல் இருக்கும் எண்கள்

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். இது எஸ்ஏஈ என்ற அமைப்பின் தரவரிசை. நடுவில் வரும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் என்ஜினைச் சுழற்ற ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து இதைச் சோதிப்பார்கள். மார்கழி விடியற்காலையிலும் ஸ்வெட்டரை பீரோவிலேயே வைத்திருக்கும் ஊர் நம்முடையது. அந்தக் குளிர் இங்கே எந்தக் காலத்திலும் வராது.

நமக்கு முக்கியம் இரண்டாவது எண். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. 30 என்பது 30 டிகிரி வெயிலுக்கு, 50 என்பது 50 டிகிரி வெயிலுக்கு என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது முழுக்கத் தப்பு. வெளியே அடிக்கும் வெயிலுக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

முதல் எண் நமக்குத் தேவையே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 40 டிகிரியில் அளந்தால் ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 60 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இருக்கும். 20டபிள்யூ-50 ஆயில் 150ஐத் தாண்டும். நம் ஊரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயிலின் சூடு இந்த 40ஐ விடவும் குறைவு. அதனால் கெட்டியான ஆயில், என்ஜின் மேல்தலையில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் வரை ஏறிப் போய்ச் சேரச் சில நொடிகள் கூடுதலாக எடுக்கும். அந்தச் சில நொடிகள் உலோகத்துக்கு நல்லதல்ல.

விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து "இது திக்கு, இது தின்னு" என்று முடிவு செய்வதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடலாம். கையில் தொடும்போது ஆயில் 30 டிகிரி சூட்டில் இருக்கிறது. 10டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட அப்போது ஏறக்குறைய பத்து மடங்கு தடிப்பு. ஓடும் என்ஜினுக்குள் அது எப்படி இருக்கும் என்று விரல் சொல்லாது. கேனை ஆட்டிப் பார்த்தாலும் தெரியாது.

வெயில் என்ஜினுக்குள் எவ்வளவு போகிறது?

ரேடியேட்டர் உள்ள கார் என்ஜினில் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு இருக்கிறது. கூலன்ட் 80 முதல் 90 டிகிரிக்குள் வந்ததும் அது திறந்து, சூட்டை ஓரளவு அதே இடத்தில் பிடித்து நிறுத்தும். ஊட்டியில் ஓடினாலும் ராயபுரத்தில் ஓடினாலும் அந்த என்ஜின் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் வேலை செய்கிறது. ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். வெளியே 32 டிகிரியா 42 டிகிரியா என்ற வித்தியாசத்தைக் கூலிங் சிஸ்டம் சமாளித்துவிடும். கூலன்ட் சரியாக இருந்து, ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றினால், புது கார்க்காரர்கள் வெயிலை நினைத்து ஆயில் கிரேடை மாற்றத் தேவையே இல்லை.

காற்றில் ஆறும் என்ஜின் கதை வேறு. பெரும்பாலான பைக்குகள், பழைய புல்லட், நிறைய ஆட்டோக்கள் இந்த வகை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் மேல் காற்று ஓடினால்தான் அவை ஆறும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்கும்போது காற்று எங்கிருந்து வரும்? ஆயில் 120 டிகிரியைத் தாண்டிப் போகலாம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில்கூட, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வாங்கியபடி ஓடும் பைக்கைவிட, சாதாரண நாளில் நெரிசலில் நின்று உறுமும் பைக்தான் அதிகம் தவிக்கும். ஆகவே உங்கள் வண்டி ஒரு நாளில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று முதலில் கணக்கெடுங்கள். அக்னி நட்சத்திரம் எப்போது தொடங்குகிறது என்பதைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

கெட்டியான ஆயில் என்னதான் செய்கிறது?

பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் உரசாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய ஆயில் படலம் நிற்க வேண்டும். ஆயில் தேவைக்கு மேல் நீர்த்துப்போனால் படலம் கிழியும், உலோகத்தில் உலோகம் உரசும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக ஆயில் மேலே ஏறி எரிந்து நீலப் புகை வரும். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தேவைக்கு மேல் கெட்டியானாலும் கெடுதல்தான். சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஆயில் மெதுவாகப் போகும். பம்ப் அழுத்தம் கூடி, அழுத்தத்தைக் குறைக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பகுதி ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே கீழே திரும்பிவிடும். கெட்டியான ஆயிலைக் கலக்கவே என்ஜின் தன் சக்தியைச் செலவழிக்கிறது, அந்தச் சக்தி சூடாக மாறுகிறது. பேரிங்கிலும் பிஸ்டன் அடியிலும் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் ஆயிலின் வேலை. ஓட்டம் குறைந்தால் அந்த வேலையும் குறையும். "கெட்டி ஆயில் ஊத்தினா என்ஜின் கூலா இருக்கும்" என்ற பேச்சு என் வண்டியில் பொய்த்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

இனி தேர்ந்தெடுக்கும் வேலை

ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலையும் ஆண்டையும் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆண்டு முக்கியம். ஒரே பெயருள்ள வண்டிக்கு 2010 மாடலில் ஒரு கிரேடும், புதிய மாசு விதிப்படி வந்த பிஎஸ்-6 மாடலில் இன்னொரு கிரேடும் இருக்கலாம். "என் மச்சானும் இதே வண்டிதான் வெச்சிருக்கான்" என்று அவர் போட்டதையே போடாதீர்கள்.

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஆயில் பற்றிய இடத்தில் பல கம்பெனிகள் ஒரு கட்டப்படம் போட்டிருக்கும். கீழே மைனஸ் 30 முதல் 50 டிகிரி வரை வெளி வெப்பநிலை, மேலே ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு பட்டை. நம் ஊருக்குப் பார்க்க வேண்டியது 20 முதல் 45 டிகிரி வரை உள்ள பகுதி. அதை முழுதாக மூடும் பட்டைகள் எவை என்று பாருங்கள். ஒரே ஒரு கிரேடுதான் இருக்கிறதா? பேச்சு முடிந்தது, அதையே வாங்குங்கள். ஸ்ப்ளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் கம்பெனி 10டபிள்யூ-30 சொல்வது இந்தியச் சாலைகளையும் இந்திய வெயிலையும் பார்த்த பிறகுதான். பழைய பல்சர்களுக்கு 20டபிள்யூ-50 சொன்னதும் அந்த என்ஜினின் அமைப்பைப் பார்த்துத்தான்.

இரண்டு மூன்று கிரேடுகள் அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே உங்கள் சொந்த முடிவுக்கு இடம் உண்டு. என் வழக்கம் இது. வண்டி புதிது, காலையிலும் மாலையிலும் ஆபீஸ் போய் வருவதுதான் ஓட்டம் என்றால், அனுமதித்தவற்றில் மெல்லியது. காற்றில் ஆறும் என்ஜின், நாள் முழுக்க டெலிவரி அல்லது சவாரி, எப்போதும் பின்னால் ஆளோ சரக்கோ, எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய ஓட்டம், ஆயில் அளவு மெல்ல இறங்கும் பழக்கம், இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அனுமதித்தவற்றில் தடிப்பானது. 30ம் 40ம் பட்டியலில் இருந்தால் 40க்குப் போகலாம். பட்டியலிலேயே இல்லாத 50க்குத் தாவக் கூடாது.

புது பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில மாடல்களுக்கு 0டபிள்யூ-20, இன்னும் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்று மேனுவல் சொல்லும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், கேனைச் சாய்த்தால் தண்ணீர்போல் ஊற்றும். ஆனால் அந்த என்ஜினின் பேரிங் இடைவெளி, பம்ப், ரிங் எல்லாமே அந்த ஆயிலை வைத்துக் கணக்குப் போட்டவை. வாரன்டி இருக்கும்போது அதில் 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டு, பிறகு பிரச்சினை என்று போய் நின்றால் நம் பக்கம் பேச எதுவும் இருக்காது.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுக்கு நேர் எதிர். 1950களில் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய வண்டி அது, இன்றும் நம் தெருக்களில் நிறைய ஓடுகிறது. உள் இடைவெளிகள் பெரியவை, காற்றில் ஆறும் என்ஜின். அதற்கு 50 கிரேடு பொருத்தம். நண்பர் ஒருவர் அவசரத்துக்கு அதில் 10டபிள்யூ-30 ஊற்றி ஓட்டினார். காலையில் நன்றாகத்தான் இருந்தது. தண்டையார்பேட்டை நெரிசலைத் தாண்டி வருவதற்குள் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் தையல் மிஷின்போல் கேட்கத் தொடங்கிவிட்டது. 20டபிள்யூ-50 மாற்றியதும் சத்தம் அடங்கியது. பிறகு வந்த 350 சிசி மாடல்கள் பலவற்றுக்குக் கம்பெனியே 15டபிள்யூ-50 சொல்கிறது. சூட்டில் அதே தடிப்பு, காலையில் கொஞ்சம் லேசான ஓட்டம். நம் ஊருக்கு இது நல்ல சேர்க்கை.

தடிப்பு மட்டும் போதாது

பைக்கில் ஒரே ஆயில்தான் என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. கிளட்ச் பிளேட் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கும். அதனால் கேனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஜாசோ என்பது ஜப்பானியத் தர அமைப்பு, எம்ஏ என்றால் கிளட்ச் வழுக்காத ஆயில். ஆக்டிவா போன்ற கியரில்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலைத் தொடாது, அவற்றுக்கு வழுக்கல் அதிகமுள்ள ஜாசோ எம்பி. ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் பெரிய சேதம் இல்லை, மைலேஜில் சிறிது குறையலாம். பைக்கில் எம்பி ஊற்றினால்தான் வம்பு. மின்ட் மேம்பாலம் ஏறும்போது என்ஜின் வீறிடும், வண்டி நகராது, கருகிய வாடை வரும். கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். கிரேடு எண் சரியாக இருக்கிறதே என்று கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றினாலும் இதே கதி வரலாம். மெல்லிய கிரேடு கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள், கிளட்சுக்கு அது ஆகாது.

அடுத்து ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் தரம். பெட்ரோலுக்கு எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று எஸ் வரிசை. இரண்டாவது எழுத்து பின்னால் போகப் போக தரம் புதியது. மேனுவல் எஸ்எல் கேட்டால் எஸ்என் ஊற்றலாம், ஜாசோ எழுத்தை மட்டும் மறக்காதீர்கள். டீசலுக்கு சிஐ-4, சிகே-4 என்று சி வரிசை. துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளுக்கும் வேன்களுக்கும் 15டபிள்யூ-40தான் பரவலான கிரேடு. நம் வெயிலுக்கு அது தாராளமாகப் போதும். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசலுக்கு மட்டும் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். அதில் பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அந்தச் செலவு ஆயில் விலையைப்போல் பல மடங்கு.

கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுக்கும் மினரலா, ஆலையில் மேலும் பக்குவப்படுத்தி உருவாக்கும் சிந்தெட்டிக்கா? நெரிசலில் வாடும், காற்றில் ஆறும் என்ஜினுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கிரேடு ஒன்றே ஆனாலும் சிந்தெட்டிக் ஆயில் சூட்டில் சீக்கிரம் கருகாது, ஆவியாகிக் குறைவதும் கம்மி. கெட்டி கிரேடுக்குப் போய்த் தேடும் பாதுகாப்பை, அதே கிரேடில் நல்ல ஆயில் வாங்கியே பெரும்பாலும் பெற்றுவிடலாம்.

வாங்கும் இடம்

மணலியில் சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஆயிலுக்கான மூல எண்ணெயை எடுக்கிறது. இந்தியன் ஆயிலின் ஆயில் கலக்கும் ஆலையும் வடசென்னைப் பக்கம்தான் இருக்கிறது. ஆயில் பிறக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு போலி ஆயில் வாங்கினால் வருத்தமாக இருக்காதா? லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பங்கிலோ கம்பெனி டீலரிடமோ பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல் வளையம் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி கேனில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். காலி கேனை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், அல்லது கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள். நல்ல கேன் முழுசாகக் கிடந்தால் அதில் வேறு ஏதாவது நிரம்பித் திரும்பிவரும்.

மாற்றும்போது

மூன்று நான்கு நிமிடம் வண்டியை ஓட விட்டு, ஆயில் இளஞ்சூடானதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுமையாக இருங்கள். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், சில ரூபாய்தான். மேனுவலில் ஆயில் அளவு இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஆயில் மாற்றும்போது ஊற்றும் அளவு, மற்றது என்ஜினை முழுதாகப் பிரித்துச் சேர்த்தால் ஊற்றும் அளவு. முதலாவதுதான் நமக்கு. கேனில் மிச்சம் இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்க்க வேண்டாம். கூடிப்போனாலும் ஆயில் நுரைத்துச் சூடேறும்.

ஊற்றிய பிறகு சில நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சியைத் துடைத்து அளவு பாருங்கள். பல பைக்குகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல், சும்மா உள்ளே வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். உங்கள் வண்டிக்கு எந்த முறை என்று மேனுவலில் ஒரு வரி இருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் கவனியுங்கள். சூடான பிறகு டேப்பட் சத்தம் கூடினாலோ, கார் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினாலோ, அளவு வேகமாக இறங்கினாலோ ஆயிலின் தடிப்பு போதவில்லை, அல்லது என்ஜினில் வேறு கோளாறு. காலையில் இழுவையும் மைலேஜ் குறைவும் தெரிந்தால் தேவைக்கு மேல் கெட்டி. ஆயில் கறுத்துப்போனதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதும் அதன் வேலைதான்.

கறுப்புக்குப் பதில் பால் காபி நிறத்தில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கியவர்கள், வெள்ளத்தில் வண்டி மூழ்கியவர்கள், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஆயிலில் எந்த கிரேடும் மிஞ்சாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? மேனுவலில் கடினமான உபயோகம் என்று தனியாக ஒரு கணக்கு இருக்கும். நின்று நின்று ஓடுவது, தூசி, அதிகச் சூடு, சின்னச் சின்னத் தூரம் எல்லாம் அதில் வரும். எண்ணூர், மணலி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தினம் ஓட்டுபவர்கள் சந்தேகமே இல்லாமல் அந்தக் கணக்கில் வருகிறார்கள். பைக்கில் கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி அதன் தடிப்பையே உடைத்துவிடும். 50 கிரேடாக உள்ளே போனது நாளடைவில் 40 மாதிரி ஆகிவிடலாம். தடிப்பான ஆயிலை இரண்டு மடங்கு தூரம் ஓட்டுவதைவிடச் சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது நல்லது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அளவையும் பாருங்கள்.

வடித்த பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்களின் படகும் வலையும் என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாம். காலி கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேர்த்துவைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் கிரேடு, ஜாசோ எழுத்து, மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர் நான்கையும் பேனாவால் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யார் ஆயில் மாற்றினாலும், கேனைத் திறப்பதற்கு முன் சீட்டைத் தூக்கி அதைக் காட்டிவிடுங்கள்.